இலவச விசிறி, பல்பு, கூரைக்கு வெள்ளை: உங்கள் வீட்டுக்கு வந்தார்களா? அனுபவம் சொல்லுங்கள்

முகப்புத் திண்ணை:
கானாடுகாத்தான் பக்கம். செட்டியார் வீட்டைப் பார்த்துக்கொள்கிற குடும்பம் நாங்கள். முதலாளி சென்னையில், கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படையல்) என்றால்தான் கதவு எல்லாம் திறக்கும். எங்களுக்குப் பின்கட்டில் கிணற்றடியை ஒட்டி சிமெண்ட் அட்டைக் கூரை போட்ட ஒரு அறை. சித்திரை வெயிலில் உள்ளே இருக்க முடியாது, அம்மா சோற்றுப் பானையோடு வேப்பமரத்தடிக்கு வந்துவிடும். போன கோடையில் கரண்ட் மிச்சம் பிடிக்கிற திட்டத்து ஆட்கள் வந்தார்கள், அதான், பழைய விசிறியையும் குண்டு பல்பையும் வாங்கிக்கொண்டு புதுசு மாட்டித் தருவார்களே. அப்பா ரேஷன் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வந்த தம்பி முகப்பில் ஏறி, பர்மா தேக்குத் தூணை அண்ணாந்து பார்த்து, "இந்த வீட்டுக்கு இலவசமாய்யா?" என்று சிரித்தான். பின்னால் வந்து பாருங்க தம்பி என்று அப்பா இரண்டு தடவை சொன்னார். வரவில்லை. போகும்போது தூணோடு ஒரு போட்டோ வேண்டும் என்று செல்லை நீட்டினான். எடுத்துக் கொடுத்தது அப்பாதான்.

பள்ளத்தூர்க்காரி:
எங்களுக்கு விசிறி கிடையாது, வெயில் சூடு உள்ளே இறங்காமல் இருக்கக் கூரைக்கு வெள்ளைப் பெயிண்ட். பாதி அட்டை அடித்ததும் பெயிண்ட் தீர்ந்துபோச்சு, நாளைக்கு வருகிறோம் என்றார்கள். பதினோரு மாதம் ஆச்சு. அப்பத்தா கட்டிலை வெள்ளை அடித்த பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டது, அங்கேதான் அடுப்பு இருந்தது, அடுப்பைக் கொதிக்கிற பக்கம் தள்ளினோம். சமைக்கிறது நான்.

மீட்டர் மாமா, தேவகோட்டை:
திண்ணைத் தம்பி, கோபித்துக்கொள்ளாதே, அந்தப் பையன் மேல் முழுத் தப்பும் இல்லை. கரண்ட் சர்வீஸ் முதலாளி பேரில் இருந்தால் படிவத்தில் உன் அப்பா பேரை எப்படி எழுதுவான்? எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் நாலு எல்இடி மாட்டிவிட்டுப் போனார்கள், என் வீட்டம்மா அதில் இரண்டைக் கழற்றித் தீபாவளிக்கு என்று பீரோவில் வைத்துவிட்டாள், அவ்வளவுதான் என் கதை. ஆனால் எல்லாரும் பல்பையே பேசுகிறீர்கள், விசிறியைப் பாருங்கள். சாதா விசிறி 75 வாட். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 67 யூனிட்டுக்கு மேல் போகும். 2016-ல் அரசாங்கம் இரண்டு மாதத்துக்கு என்று அறிவித்த இலவச 100 யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்கை ஒரே விசிறி தின்றுவிடும். பிஎல்டிசி என்கிற, கரண்ட் கம்மியாக இழுக்கிற மோட்டார் வைத்த விசிறி 30 வாட்தான், அதே ஓட்டத்துக்கு 27 யூனிட். 60 வாட் குண்டு பல்பு தினம் 5 மணி நேரம் எரிந்தால் அதே இரண்டு மாதத்தில் 18 யூனிட், 9 வாட் எல்இடிக்கு 3 யூனிட் கூட ஆகாது. அப்புறம், 2015-ல் மத்திய அரசின் உஜாலா திட்டத்தில் வந்த எல்இடி பல்பை இலவசம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அது மொத்தமாக வாங்கி விலையைக் குறைத்து விற்றது, காசு கொடுத்துத்தான் வாங்கினோம். 2011-ல் ஆரம்பித்த விலையில்லா மிக்சி, கிரைண்டர், விசிறிதான் நிஜமாகவே இலவசம். முதலாளியிடம் ஒரு கையெழுத்து வாங்கி வை தம்பி.

முகப்புத் திண்ணை:
மாமா, நான் ஐடிஐ எலக்ட்ரீசியன். வாட் கணக்கு தெரியும். நான் எழுதினது போட்டோவைப் பற்றி.

செவல்பட்டி:
மாமா பீரோவைத் திறந்து அந்த இரண்டு பல்பையும் மாட்டிவிட்டு வந்து பேசட்டும். பள்ளத்தூர் அக்கா, மீதிக்குச் சுண்ணாம்பாவது அடித்துவிடுங்கள், வருஷா வருஷம் அடிக்கணும், ஆனால் செலவு கம்மி. அட்டை பழைய ஆஸ்பெஸ்டாஸ் என்றால் காய்ந்தபடி சுரண்டாதீர்கள், அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது.

பள்ளத்தூர்க்காரி:
யார் தம்பி மேலே ஏறுகிறது? போன தடவை ஏறினவன் கால் வைத்த இடத்தில் அட்டை விரிசல் விட்டு, ஐப்பசி மழைக்கு ஒழுகியது. அதுவும் வெள்ளை அடித்த பக்கம், அப்பத்தா கட்டிலுக்கு நேர் மேலே.