இஸ்லாமிய கலாச்சாரம் + மலேசிய அடையாளம்: 6 மீட்டர் பெவிலியனை டோம் இல்லாம எப்படி டிசைன் பண்றது?

ஸ்டூடியோ_மாணவி:
வணக்கம் எல்லாருக்கும். நான் கேஎல்-ல (கோலாலம்பூர்) ஆர்க்கிடெக்சர் ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். இந்த செமெஸ்டர் பிராஜெக்ட் கேம்பஸ் திடல் ஓரமா ஒரு சின்ன பெவிலியன், 6க்கு 6 மீட்டர், ஒரு இருபது பேரு உக்காந்து பேசுற மாதிரி, சுவரே கூடாது. பிரீஃப்ல பெருசா ஒன்னும் இல்ல, இஸ்லாமிய கலாச்சாரமும் தேசிய அடையாளமும் தெரியணும்னு மட்டும்தான் இருக்கு. கிளாஸ்ல நிறைய பேரு வெங்காய டோம் ஒன்னு வச்சு, சுத்தி புங்கா ராயாவையும் (செம்பருத்தி, நம்ம தேசிய மலர்) தேசியக் கொடி நட்சத்திரத்தையும் ஒட்டிட்டு வராங்க, எனக்கு அப்படிச் செய்ய மனசு வரல. ஆனா டோம எடுத்துட்டா வேற எத வச்சு இது இஸ்லாமிய மரபுல இருந்து வந்ததுன்னு காட்டுறது? அரபு எழுத்து வேலைப்பாடு, அதாவது காட், வைக்கலாமா? இன்னொன்னும் கேக்கணும், நான் தமிழ் இந்து, இத நான் டிசைன் பண்ணும்போது எதையாவது தெரியாம தப்பா வச்சுடக் கூடாதுன்னு பயமா இருக்கு. அதே சமயம் தேசிய அடையாளம்னு சொல்றப்ப அதுல நானும் இருக்கணும்ல. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

பட்டர்வொர்த்_குமார்:
தங்கச்சி, நல்ல கேள்வி. நான் இருபது வருஷத்துக்கு மேல இந்தத் தொழில்ல இருக்கேன், கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

முதல்ல கேஎல்-ல இருக்குற தேசியப் பள்ளிவாசல், மஸ்ஜித் நெகாராவுக்குப் போய் ஒரு மணி நேரம் சும்மா உக்காரு. 1965-ல திறந்தது, சுதந்திரம் வாங்கி எட்டே வருஷம். அந்த நேரத்துல ஒரு புது நாடு தன்னோட பெரிய பள்ளிவாசலுக்கு வெங்காய டோம் வேணாம்னு முடிவு பண்ணி, பாதி விரிஞ்ச குடை மாதிரி மடிப்பு மடிப்பா கான்கிரீட் கூரை போட்டாங்க, 73 மீட்டர் மினாராவோட (பாங்கு கோபுரம்) உச்சி மடக்கின குடை. வெயிலும் மழையும் உள்ள ஊர்ல குடைய விட பொருத்தமா என்ன இருக்கு. அந்தக் கூரைய பாத்த யாருக்கும் இது எந்த நாட்டுதுன்னு சந்தேகம் வராது. உன் கேள்விக்கு பாதி பதில் அங்கேயே இருக்கு.

இன்னும் பின்னாடி போனா இங்க ரொம்பப் பழைய மரப் பள்ளிவாசல்கள்ல டோம் கிடையாது. கிளந்தான்ல கம்போங் லாவுட் பள்ளிவாசல், முழுக்க செங்கால் மரம், ஆணி அடிக்காம முளை வச்சுக் கோத்தது. அதனாலதான் 1966-67 வெள்ளத்துல அடிபட்ட பிறகு மொத்தமா கழட்டி நிலாம் பூரிக்கு கொண்டு போய் திரும்பக் கோக்க முடிஞ்சுது. கூரை அடுக்கடுக்கா ஏறும், நடுவுல நாலு பெரிய தூண், தியாங் செரின்னு சொல்வாங்க, அதுதான் மேல் அடுக்கத் தாங்கும். உன் 6 மீட்டர் சதுரத்துக்கு இது அப்படியே பொருந்தும்: நடுவுல 3 மீட்டர் இடைவெளில நாலு தூண், அதுக்கு மேல சின்ன அடுக்கு, சுத்தி கீழ் அடுக்கு. ரெண்டு அடுக்குக்கும் நடுவுல விடுற சந்து வழியா சூடான காத்து மேல போயிடும். மேல் கூரை கீழ் கூரை மேல நல்லா ஏறி நிக்கணும், இல்லன்னா சாரல் அடிச்சு நடுவுல உக்காந்திருக்கவன் நனைவான்.

கிழக்குக் கரைல ரோட்டோரமா வாகாஃப் பாத்திருப்ப, வழிப்போக்கன் உக்காந்து எந்திரிச்சுப் போக ஊருக்காரங்க புண்ணியத்துக்குக் கட்டி விட்டது. யாரு என்ன மதம்னு கேக்காம நிழல் குடுக்குற கட்டடம் அது. இதுவும் இஸ்லாமிய கலாச்சாரம்தான், வடிவத்துல இல்ல, நோக்கத்துல. உன் பெவிலியனோட தாத்தா அந்த வாகாஃப்தான்னு நான் சொல்வேன், பிராஜெக்ட்ட மதிப்பிடுற ஜூரிகிட்டயும் அங்க இருந்தே ஆரம்பி.

அலங்காரத்துக்கு ஒரே ஒரு மோட்டிஃப் எடு. ஒரு சதுரம், அதே சதுரத்த 45 டிகிரி திருப்பி மேல வை, எட்டு முனை நட்சத்திரம் வந்துடும். பெட்ரோனாஸ் கோபுரத்தோட தளம் இதேதான், முனைகளுக்கு நடுவுல இடம் பத்தலன்னு எட்டு அரைவட்டம் சேத்தாங்க. உனக்கும் கீழ் அடுக்கு சதுரம், மேல் அடுக்கு எட்டுப் பக்கம்னு வச்சா அந்த நட்சத்திரத்தோட நடுவுல வர்ற எட்டுப்பக்க வடிவம் பிளான்லயே தானா வந்துடும், மேல எதையும் ஒட்ட வேண்டியதில்ல.

நீ இதுல எங்க இருக்கன்னு கேட்ட பாரு, மலாக்காவுல ஜாலான் துக்காங் எமாஸுக்குப் போ. கம்போங் கிளிங் பள்ளிவாசல், 1748-ல இந்திய முஸ்லிம் வியாபாரிகள் மரத்துல கட்டினது, 1872-ல செங்கல்ல மாத்தினாங்க. அடுக்குக் கூரை, பகோடா மாதிரி மினாரா, உள்ள ஐரோப்பியத் தூண், மிம்பர்ல (பிரசங்க மேடை) நம்ம இந்திய, சீன செதுக்கு வேலை ரெண்டும் இருக்கு. அதே தெருவுல மலாக்கா செட்டிகளோட (அங்கேயே வேரூன்றின தமிழ் வம்சாவளி இந்துக்கள்) பொய்யாத விநாயகர் கோயில், பக்கத்துத் தெருவுல செங் ஹூன் தெங் சீனக் கோயில். நாலு ஊரு கைவேலை ஒரே கட்டடத்துல சண்டை போடாம நிக்குது, அத நேர்ல பாத்துட்டு வந்து வரை. அந்த உரிமை உனக்கு யாரும் தர வேண்டியதில்ல, ஏற்கனவே இருக்கு.

ஜார்ஜ்டவுன்_பாத்திமா:
குமார் அண்ணன் சொன்னதோட சேத்து சில விஷயம். நான் பினாங்கு, கப்பித்தான் கெளிங் பள்ளிவாசல் பக்கத்துல வளந்தவ.

காட் வைக்கணும்னு கட்டாயம் இல்லமா. குர்ஆன் வசனத்த திறந்த வெளில, உக்காந்து சாயுற பலகைல, கால் படுற தரைல வைக்கவே கூடாது. வைக்கத்தான் வேணும்னா தலைக்கு மேல உத்தரத்துல, மழை படாத இடத்துல, எழுத்து தெரிஞ்சவங்க ஒருத்தருக்கு ரெண்டு பேரு சரி பாத்த பிறகுதான் வைக்கணும், ஒரு புள்ளி மாறினா அர்த்தமே மாறிடும். மனுஷன், மிருகம் உருவம் வேணாம், கொடி, இலை, பூ தாராளமா வைக்கலாம், மலாய் செதுக்குல அவான் லாராட்னு ஒரே வேர்ல இருந்து கிளம்பி படர்ற கொடி இருக்கு, அத பாரு, அவ்வளவு அழகு.

இன்னொன்னு. வெட்டவெளி பெவிலியன்னா அசருக்கு (பிற்பகல் தொழுகை) நேரமாச்சுன்னு யாராவது கண்டிப்பா அங்கேயே தொழுவாங்க. கேஎல்-ல கிப்லா, அதாவது தொழும்போது திரும்புற மெக்கா திசை, 292 டிகிரி, மேற்குல இருந்து கொஞ்சம் வடக்கா திரும்பணும். தரைல வேற நிறத்துல ஒரே ஒரு பலகைய அந்தக் கோணத்துல பதிச்சு விடு. தெரிஞ்சவங்களுக்குப் புரியும், மத்தவங்களுக்கு ஒரு கோடு, அவ்வளவுதான். தரைய ரெண்டு படி உசத்தி, படிகிட்ட செருப்பு விட இடமும் வை, நம்ம எல்லார் வீட்டுலயும் உள்ள பழக்கம்தானே. பயப்படாத, கேட்டுக் கேட்டு செய்யுற பாரு, அதுவே மரியாதைதான்.

ஸ்டூடியோ_மாணவி:
அண்ணே, அக்கா, ரொம்ப ரொம்ப நன்றி, படிக்கப் படிக்க கை பரபரங்குது. கிப்லா பலகை கண்டிப்பா வைக்கிறேன். ஒரு சந்தேகம், நாலு பக்கமும் நட்சத்திர ஸ்கிரீன் வச்சு நிழல் தரைல கோலம் மாதிரி விழணும்னு ஆசை, கம்ப்யூட்டர் ரெண்டர் படத்துல எல்லாம் சூப்பரா வருது, நிஜத்துல வருமா? பிளைவுட்ல சிஎன்சி (கம்ப்யூட்டர் வச்சு வெட்டுற மெஷின்) வச்சு வெட்டினா போதுமா?

தச்சுப்பட்டறை_மணியம்:
நான் மரவேலைக்காரன், காட்சிக்கு இல்ல, நிஜமா நிக்குற மாதிரி சொல்றேன்மா.

நிழல் வரும், ஆனா நாலு பக்கமும் வராது. நம்ம கேஎல் பூமத்திய ரேகைக்கு 3 டிகிரி வடக்க, மதியம் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைல நிக்கும் (இங்க அது ஒரு மணி பதினஞ்சு வாக்குல), அப்ப நேரா நிக்குற ஸ்கிரீன்ல இருந்து உள்ள ஒன்னும் விழாது. கிழக்கு, மேற்கு ரெண்டு பக்கம் மட்டும் ஸ்கிரீன் வை, 1 மீட்டர் தாழ்வாரம் இருந்தா காலைல பத்து மணி வரைக்கும், சாயங்காலம் நாலு மணிக்கு மேலயும் நிழல் நீட்டா உள்ள வரும். வடக்கு, தெற்க திறந்து விடு, காத்து போகட்டும், காசும் மிச்சம். சாப்ட்வேர்ல லொக்கேஷன் கோலாலம்பூர்னு மாத்திட்டியான்னு பாத்துக்கோ.

பிளைவுட் மாடலுக்கு சரி, வெளில வச்சா ஓரம் ஊறி உரிஞ்சுடும். செங்கால் வாங்குற விலைல இல்ல, பாலாவு மரம் கேட்டுப் பாரு. மெர்பாவு நல்ல மரம்தான், ஆனா ஆரம்பத்துல மழை பட்டா சாயம் இறங்கி, கீழ சிமெண்ட் தரைல காப்பி நிறத்துல கறை விழும், அப்புறம் லேசுல போகாது. செதுக்குல ரெண்டு ஓட்டைக்கு நடுவுல விடுற மரம் பலகைக் கனத்த விட ஒல்லியா இருக்கக் கூடாது, நட்சத்திர முனை எல்லாம் பட்டுன்னு முறியும். பேனல் 2 மீட்டர்னா 40 செண்டியா அஞ்சு கட்டம் போடு, ஓரத்துல சரியா முழு நட்சத்திரத்துலயோ பாதி நட்சத்திரத்துலயோ முடியணும், கண்ட இடத்துல வெட்டுப்பட்டு நின்னா எவ்வளவு நல்ல வேலையும் ஒட்டுப்போட்ட மாதிரி தெரியும்.

தண்ணியையும் கணக்குப் பண்ணு. தாழ்வாரத்தோட சேத்து உன் கூரை 8க்கு 8, 64 சதுர மீட்டர். மணிக்கு 100 மில்லிமீட்டர்னு கொட்டுற மழைக்கு ஒரு மணி நேரத்துல 6,400 லிட்டர் அந்தக் கூரைல இருந்து இறங்கும். பீலி வச்சா இலை அடைச்சுக்கும், விட்டுடு, தாழ்வார ஓரம் விழுற கோட்டுல சுத்திவர கூழாங்கல் ஓடை ஒன்னு வெட்டு. தூண் எதையும் மண்ணுல புதைக்காத, கரையான் விடாது, கருங்கல் இல்லன்னா கான்கிரீட் பீடத்து மேல தூக்கி நிறுத்து. தூண் அளவு முடிவானதும் இங்க போடுமா, தங்காம் மூட்டு (ஆணி இல்லாம மரத்துக்குள்ள மரம் கோக்குறது) எப்படி வெட்டணும்னு வரைஞ்சு தரேன்.