முதல் இ.டி.எம் திருவிழா: எனக்குப் பிடிபட்டது சின்ன மேடையில்தான்

இ.டி.எம் என்கிற மின்னணு நடன இசைத் திருவிழாவுக்கு முதல் தடவை போகப்போகிறவர்கள் பெரும்பாலும் பெரிய மேடையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். யார் வாசிக்கிறார்கள், முன்வரிசைக்கு எப்படிப் போவது, வாணவேடிக்கை எத்தனை மணிக்கு என்று. என் முதல் திருவிழாவில் மனசு ஒட்டிக்கொண்ட இடம், ஓரமாகக் கூடாரம் போட்டிருந்த ஒரு சின்ன டெக்னோ மேடை. டெக்னோ என்பது ஒரே தாளம் திரும்பத் திரும்ப ஓடும் மின்னணு இசை வகை. அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

நானும் ஒரு நண்பரும் போனோம். அவர் பல வருடங்களாக இந்த இசையோடு இருப்பவர். நான் அதுவரை ஹெட்போனில் மட்டும் கேட்டவன். வாசலில் பையைச் சோதித்து, சிப் வைத்த பட்டையை மணிக்கட்டில் கட்டி உள்ளே விட்டார்கள். நேராகப் பெரிய மேடைக்குப் போனோம்.

மைதானத்தின் பின்பக்கம் ஒரு மேடு இருந்தது. அதில் ஏறி நின்று பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. டிராப், அதாவது ஏறி ஏறி வந்த இசையில் கனத்த தாளம் ஒரேயடியாக இறங்கும் இடம், விழுந்ததும் கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் குதிக்கவில்லை. முன்னால் இருப்பவர்கள் முதலில், அப்புறம் நடுவில் இருப்பவர்கள், அப்புறம் பின்னால் இருப்பவர்கள் என்று அந்தக் குதிப்பு ஓர் அலையாக எங்களை நோக்கி வந்தது. காரணம் எளிமையானது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். நிமிடத்துக்கு 128 துடிப்புள்ள பாட்டில் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே அரை நொடிகூடக் கிடையாது. 160 மீட்டர் தள்ளி நிற்பவர் ஏறக்குறைய ஒரு துடிப்பு தாமதமாகத்தான் கேட்கிறார். மைதானத்தின் நடுவே நிற்கும் ஸ்பீக்கர் கோபுரங்களைக்கூட, முன்னாலிருந்து வரும் ஒலியோடு சேர்ந்து ஒலிக்கும்படி வேண்டுமென்றே தாமதப்படுத்தி வைக்கிறார்கள் என்று நண்பர் விளக்கினார். ரொம்ப நேரம் அந்த அலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளிச்சமும் நெருப்பும் நிஜமாகவே அழகு. ஆனால் எந்தப் பாட்டும் இரண்டு நிமிடம் தாக்குப்பிடிக்கவில்லை. ஒரு டிராப் அடங்குவதற்குள் அடுத்தது வந்துவிட்டது. எல்லாமே உச்சமாக இருந்தால் எது உச்சம் என்று உடம்புக்குத் தெரிவதில்லை. நண்பர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வா, வேற ஒண்ணு காட்டுறேன்" என்று கூடாரத்துக்கு அழைத்துப் போனார்.

அங்கே பேஸ் என்கிற தாழ்ந்த ஒலி காதில் கேட்பதற்கு முன்பே நெஞ்சில் தெரிந்தது. 50, 60 ஹெர்ட்ஸ் அளவுள்ள ஒலியைப் பெரிய சப்வூஃபர்கள், அதாவது தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்கள், தள்ளும்போது சட்டைத் துணி அதிர்கிறது, விலா எலும்பு அதிர்கிறது. ஹெட்போனில் வருடக்கணக்கில் கேட்டாலும் இது கிடைக்காது.

மேடை சின்னது என்பதால் டிஜேயின் கைகள் தெளிவாகத் தெரிந்தன. ஒரு காதில் மட்டும் ஹெட்போன். நாங்கள் கேட்டுக்கொண்டிருந்த பாட்டு ஓட, அடுத்ததை அவர் மட்டும் கேட்டு வேகத்தைச் சரிசெய்தார். பிறகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டார், பேஸ் இல்லாமல். இரண்டு பாட்டும் சில நிமிடங்கள் ஒன்றாக ஓடின. ஒரு கட்டத்தில் பழையதின் பேஸைக் குறைத்து, அதே கணத்தில் புதியதின் பேஸைத் திறந்தார். பாட்டு மாறியது, ஆட்டம் நிற்கவில்லை. இரண்டு மணி நேரம் இப்படியே போனது. நடுவில் ஒரே ஒரு தடவை பேஸை முழுக்க எடுத்துவிட்டார். சும்மா மேல் ஸ்தாயியில் ஹை-ஹாட் சிம்பலின் சின்னத் தாளம் மட்டும். அரை நிமிடம்தான் இருக்கும், கூட்டம் முழுவதும் கிக் டிரம்மின் அந்தக் கனத்த அடிக்காக ஏங்கியது. அது திரும்பி வந்தபோது நான் கத்தினேன். பெரிய மேடையில் எத்தனையோ டிராப்புக்கு வராத சத்தம் அது.

நரைத்த தலையுடன் ஒரு அம்மா பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தார். நான் ஸ்பீக்கர் அருகே நிற்பதைப் பார்த்து, "பின்னாடி போப்பா, சவுண்ட் டெஸ்க், அதான் ஒலியைச் சரிபண்ற மேசை, அது பக்கத்துல நில்லு. அந்த இன்ஜினியர் காதுக்கு ஏத்த மாதிரிதான் இங்க எல்லாமே வச்சிருக்காங்க" என்றார். போய் நின்றேன். இசை அப்படியே தெளிந்தது. எந்தத் திருவிழாவுக்குப் போனாலும் இப்போது அந்த மேசையைத்தான் முதலில் தேடுகிறேன்.

இயர்பிளக் விஷயத்தில் மட்டும் யாரும் அலட்சியமாக இருக்காதீர்கள். 100 டெசிபலில் பாதுகாப்பாக இருக்கக்கூடிய நேரம் 15 நிமிடம் என்பது அமெரிக்கத் தொழிற்சுகாதார அமைப்பான நையோஷின் கணக்கு. திருவிழாவோ மணிக்கணக்கில் நடக்கும். ஃபில்டர் வைத்த இயர்பிளக் வாங்குங்கள். பஞ்சு மாதிரியான ஃபோம் பிளக் உயர் ஒலிகளை அதிகமாக அடைத்துவிடும். ஃபில்டர் உள்ளது எல்லாவற்றையும் ஓரளவு சமமாகக் குறைக்கும், இசை இசையாகவே இருக்கும்.

இடைவேளையில் புல்லில் உட்கார்ந்தபோது நண்பர் இந்த இசையின் கதையைச் சொன்னார். 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் பேஸ்பால் மைதானம் ஒன்றில், இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே டிஸ்கோ என்ற நடன இசையின் மேலிருந்த வெறுப்பில் அதன் ரெக்கார்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதே சிகாகோவில் வேர்ஹவுஸ் என்ற கிளப்பில் டிஜே ஃபிராங்கி நக்கிள்ஸ் வாசித்துக்கொண்டிருந்தார். அங்கே வந்து ஆடியவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் தன்பாலீர்ப்பு இளைஞர்கள். ஹவுஸ் என்ற மின்னணு நடன இசை அங்கிருந்துதான் வளர்ந்தது. அப்புறம் டெட்ராய்ட் பக்கத்தில் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற பள்ளித் தோழர்கள் டெக்னோவை உருவாக்கினார்கள். 1983இல் வந்து சரியாக விற்காமல் போன ரோலண்ட் டிஆர்-909 என்ற டிரம் இயந்திரத்தின் கிக், இன்றும் இந்த மேடைகளில் ஒலிக்கிறது. இதைக் கேட்ட பிறகு கூடாரத்துக்குள் போனபோது கூட்டத்தை வேறு மாதிரிப் பார்த்தேன். யார் யாரோ, எந்த வயதோ, யாரும் யாரையும் அளக்கவில்லை. வெளியே இடம் கிடைக்காதவர்கள் தங்களுக்காக உண்டாக்கிய இடம், எனக்கும் இடம் விட்டது.

இரவு எங்கள் அருகே ஒரு பெண் தள்ளாடிச் சரிந்தார். சுற்றி இருந்த முன்பின் தெரியாதவர்கள் உடனே வட்டமாக நின்று காற்று வரும்படி செய்தார்கள். ஒருவர் மருத்துவக் கூடாரத்துக்கு ஓடினார். வந்த மருத்துவ உதவியாளர், என்ன சாப்பிட்டார், எப்போது என்று தோழிகளிடம் நிதானமாகக் கேட்டார். எம்.டி.எம்.ஏ என்ற போதை மாத்திரை என்று அவர்கள் மறைக்காமல் சொன்னார்கள். அது உடல் வெப்பத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றும். பயந்துபோய் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து அதுவும் உயிருக்கே ஆபத்தாகலாம். அந்தப் பெண் தேறிவிட்டார் என்று பிறகு தெரிந்தது. இப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்தால், போலீஸ் வருமோ என்று தயங்காமல் மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

இன்னும் ஒரு விஷயம். கூட்டம் சேர்ந்ததும் போன் நெட்வொர்க் கைவிட்டுவிடும். பிரிந்துவிட்டால் சந்திக்க ஓர் இடத்தைப் பகல் வெளிச்சத்திலேயே பேசி வையுங்கள். நிகழ்ச்சி அட்டவணையைப் பார்த்து, பெயர் கேள்விப்படாத ஒரு டிஜேயைச் சின்ன மேடையில் தேர்ந்தெடுங்கள். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை நகராமல் ஒரு செட் முழுக்க நின்று கேளுங்கள். பெரிய மேடையை அதற்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.