ஃபிஃப்த் வீல் டிரெய்லர்: 38 அடி வாங்கினால் எங்கே நிறுத்துவது?

பிளேனோ_குமரன்:
வணக்கம். டல்லாஸ் பக்கம் இருக்கிறோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். கோடையில் ஊரிலிருந்து அப்பா அம்மாவும் வந்துவிடுவார்கள். பெட்ரோல் எஞ்சின் வைத்த முக்கால் டன் பிக்கப் இருக்கிறது. ஃபிஃப்த் வீல் டிரெய்லர் (பிக்கப்பின் பின்தட்டில் மாட்டி இழுக்கும் வீட்டு வண்டி) வாங்குவது என்று முடிவாகிவிட்டது. மனசுக்குப் பிடித்தது 38 அடி. பின்பக்கம் பிள்ளைகளுக்கு அடுக்குப் படுக்கை வைத்த தனி பங்க் அறை. யோசெமிட்டி, ஸ்மோக்கி மலை, கிளேசியர் என்று தேசியப் பூங்கா எல்லாம் சுற்ற ஆசை. எந்த கேம்ப்கிரவுண்டுக்கும் இது போகும் என்று கடைக்காரர் அடித்துச் சொல்கிறார். நம்பலாமா?

மலைப்பாதை_மணி:
நம்பாதீங்க. யோசெமிட்டி பள்ளத்தாக்கில் அப்பர் பைன்ஸ் கேம்ப்கிரவுண்ட் டிரெய்லருக்குத் தருவது 24 அடி. லோயர் பைன்ஸ், நார்த் பைன்ஸில் அதிகபட்சம் 35. ஆக 38 அடிக்கு அந்தப் பள்ளத்தாக்கில் இடமே இல்லை. ஸ்மோக்கியில் கேட்ஸ் கோவ் 35, எல்க்மாண்ட் 32. உங்கள் டெக்சாஸிலேயே பிக் பெண்ட் இருக்கிறது. சிசோஸ் பேசின் சாலையில் 20 அடிக்கு மேற்பட்ட டிரெய்லரைக் கொண்டுவர வேண்டாம் என்று பூங்காக்காரர்களே சொல்கிறார்கள்.

யாரோ வேண்டுமென்றே குறுக்கி வைத்த இடங்கள் இல்லை இவை. கார்கள் மரத்தடி மண்ணை இறுக்கி வேர்களைக் கெடுப்பதைப் பார்த்த மைனெக்கி என்ற தாவர நோய் நிபுணர், 1932 வாக்கில் கேம்ப்கிரவுண்டுக்கு ஒரு அமைப்பு சொன்னார்: ஒருவழி வளையச் சாலை, அதிலிருந்து சைட்டுக்கு (ஒரு குடும்பம் தங்கும் இடத்துக்கு) ஒன்றாகப் பிரியும் சின்னக் கிளை, வண்டி அதைத் தாண்டாமல் இருக்கப் பாறையும் மரக்கட்டையும். அந்தப் பத்தாண்டில் கட்டிய ஏராளமான இடங்கள் இந்த அச்சில் வார்த்தவைதான். அப்போதைய காருக்குப் போட்ட கணக்கு. இன்று அதை நீட்ட வேண்டுமென்றால் எந்த மரங்களுக்காக அதைப் போட்டார்களோ அந்த மரங்களைத்தான் வெட்ட வேண்டும்.

என் கருத்து: 30க்கு மேல் போகாதீங்க.

ஹூஸ்டன்_செல்வி:
மணி சார், நீங்கள் சொன்ன எண்களில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஒரு குடும்பம் வருடத்தில் எத்தனை இரவு தேசியப் பூங்காவுக்குள் தூங்குகிறது? முன்பதிவு திறந்த சில நிமிடத்தில் யோசெமிட்டி தீர்ந்துவிடுகிறது. மற்ற இரவெல்லாம் மாநிலப் பூங்கா, ராணுவப் பொறியாளர் படையின் ஏரிக்கரை கேம்ப்கிரவுண்ட், தனியார் பார்க் என்றுதான் போகும். ஏரிக்கரை இடங்கள் பெரும்பாலும் தாராளமானவை. தனியாரிடம் நேராக உள்ளே போய் நேராக வெளியே வரும் சைட் கிடைக்கும், 38 அடி அங்கே ஒரு பொருட்டே இல்லை.

இன்னொன்று. யோசெமிட்டி பள்ளத்தாக்கில் மின் இணைப்பு உள்ள சைட் ஒன்றுகூடக் கிடையாது. ஜெனரேட்டர் போடவும் குறிப்பிட்ட நேரம்தான். ஜூலை மதியத்தில் ஏசி இல்லாமல் வயதானவர்களை உட்கார வைப்பீர்களா? ஏசி ஓடும் இடத்தில் பெரும்பாலும் நீளத்துக்கும் இடம் இருக்கிறது. ஆறு பேர், ஒரு பாத்ரூம், வெளியே விடாத மழை. 28 அடிக்குள் இருந்து பார்த்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

மலைப்பாதை_மணி:
தனியார் பார்க்கில் தங்கினால் காலையில் முதல் வேலை நுழைவாயில் வரிசையில் நிற்பது. உள்ளே தங்கினால் அப்பா சாயங்காலம் தானாகவே ஆற்றங்கரை வரை நடந்துவிட்டு வருவார். எதற்காகப் போகிறோம் என்று ஒன்று இருக்கிறது இல்லையா?

ஹூஸ்டன்_செல்வி:
போவது எல்லோருக்கும் சேர்த்துத்தானே, அம்மாவுக்கு வெந்நீரும் நிம்மதியான தூக்கமும் வேண்டாமா? மேலும் சைட்டின் நீளத்தை அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஃபிஃப்த் வீலில் கடைசிச் சக்கரத்துக்குப் பின்னால் பத்தடி வரை தொங்கும். பின்னால் மரமோ பாறையோ இல்லாவிட்டால் சக்கரத்தைத் தடுப்புக்கட்டை வரை விட்டு, மீதியை வெளியே தொங்க விடலாம். 32 அடி சைட்டில் 36 அடி டிரெய்லர் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

மலைப்பாதை_மணி:
நிற்பது இருக்கட்டும், அதுவரை எப்படி வந்து சேர்வது? ஃபிஃப்த் வீலின் முளை, அதாவது பிக்கப்பில் மாட்டும் முனை, பிக்கப்பின் பின் அச்சுக்கு மேலே உட்கார்கிறது. பின் பம்பரில் மாட்டும் டிரெய்லரைவிட இது வளைவில் உள்பக்கமாக அதிகம் வெட்டும். பழைய வளையச் சாலைகளில் திருப்பத்தில் நிற்கும் மரங்களைக் கவனியுங்கள்: தலைக்கு மேல் உயரத்தில் பட்டை உரிந்து, அதில் வெள்ளைப் பெயிண்ட் ஒட்டியிருக்கும். எல்லாம் யாரோ ஒருவருடைய டிரெய்லரின் விலா. பின்பக்கம் தொங்க விடுவதும் செடிகொடிக்கு மேல்தான் விழும். ரேஞ்சர் வந்து எடுக்கச் சொன்னால் இரவில் எங்கே போவீர்கள்?

அப்புறம் பிக்கப்பை மறந்துவிடுகிறோம். கழற்றிய பிறகு அதற்கு இருபதடி வேண்டும். பக்கத்தில் அகலம் இல்லாத சைட் என்றால், சைட்டில் அடங்காத வண்டிகளுக்கான தனி பார்க்கிங்தான் கதி.

எடைமேடை_ரவி:
இரண்டு பேரும் அடிக்கணக்கிலேயே நிற்கிறீர்கள். குமரன், ஓட்டுநர் கதவைத் திறந்து உள்விளிம்பில் இருக்கும் மஞ்சள் ஸ்டிக்கரைப் படியுங்கள். ஆட்களும் சுமையும் சேர்ந்து எத்தனை பவுண்டு என்று இருக்கும். ஃபிஃப்த் வீல் தன் எடையில் 20 முதல் 25 சதவீதத்தை பிக்கப்பின் மேல் இறக்கும். 38 அடி பங்க் மாடல் சாமான் ஏற்றிய பிறகு 13,000 பவுண்டு என்று வைத்துக்கொண்டால், முளையில் மட்டும் 2,600 முதல் 3,250. அதன்மேல் நீங்கள் ஆறு பேர், டிரெய்லரை மாட்டும் ஹிட்ச்.

ஆமாம், அந்த பிக்கப்பில் ஆறு பேர் உட்கார முடியுமா? முன்னால் பெஞ்ச் சீட்டா, நடுவில் கன்சோல் வைத்ததா?

பிளேனோ_குமரன்:
பெஞ்ச்தான் ரவி, ஆறு பேரும் உட்காரலாம். ஸ்டிக்கர் 3,000 என்கிறது. ஆட்கள் 800, ஹிட்ச் 150 கழித்தால் மீதி 2,050. 38 அடி செத்தது.

நேற்று இரவு நானும் மனைவியும் முன்பதிவுத் தளமான ரிக்ரியேஷன் டாட் கவ்வில் உட்கார்ந்தோம். நாங்கள் போக நினைக்கும் இடங்களை நீள வடிகட்டி போட்டுப் பார்த்தோம். 38 என்று போட்டால் பாதி இடம் காணாமல் போகிறது, 35க்குக் கொஞ்சம் வருகிறது, 30க்கு நிறைய. ஒவ்வொரு சைட்டுக்கும் நிறுத்துபாதை நீளம், ரிவர்ஸில் நுழைவதா நேராக நுழைவதா என்பதெல்லாம் தனித்தனியாகக் கொடுத்திருக்கிறார்கள். ஏற்றியபின் 9,500 பவுண்டு வரும் பங்க் மாடல் ஒன்று, பெயரில் 29 இருக்கிறது, அதைப் பார்க்கிறோம். சோபா விரித்தால் அப்பா அம்மாவுக்கு ஆகும்.

ஹூஸ்டன்_செல்வி:
எடைக்கு நான் எதிர்வாதம் செய்யவில்லை, அது நியாயம். ஆனால் பெயரில் 29 என்றால் நீளம் 29 என்று நினைக்காதீங்க. அதே மாடல் 32, 33 அடி வரும். முன்னால் முளைப்பெட்டியின் மூக்கிலிருந்து பின்னால் ஏணி வரை டேப் பிடித்து அளந்துவிடுங்கள். ஸ்லைட் (நிறுத்தியபின் பக்கவாட்டில் வெளியே தள்ளும் அறைப்பகுதி) எல்லாம் இழுத்த பிறகு அகலத்தையும் பாருங்கள். சைட்டின் மின் இணைப்புக் கம்பம் பெரும்பாலும் ஓட்டுநர் பக்கம்தான் நிற்கும்; பெரிய ஸ்லைட்டும் அந்தப் பக்கம் வந்தால் ஒரு முழ இடைவெளிக்கு அல்லாட வேண்டும். சோபாவில் அப்பா அம்மா என்பதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. படுக்கையறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் சோபாவில் படுங்கள்.

மலைப்பாதை_மணி:
இதில் செல்வி மேடம் பக்கம்தான் நானும்.

பிளேனோ_குமரன்:
சரி, சோபா எங்களுக்கு. கடைசியாக ஒன்று: என்னுடைய பிக்கப் ஷார்ட் பெட், பின்தட்டு குட்டையானது. எட்டடி பெட்டுக்கு மாற்ற வேண்டுமா?

எடைமேடை_ரவி:
மாற்றாதீங்க. கிளேசியரில் கோயிங் டு தி சன் சாலையின் மலைப்பகுதியில் 21 அடிக்கு மேற்பட்ட வண்டிக்கு அனுமதி இல்லை. டிரெய்லரைக் கீழே விட்டுவிட்டுத்தான் எல்லோரும் ஏறுவார்கள். நான்கு கதவு பிக்கப் ஷார்ட் பெட்டில் பொதுவாக 21க்குள் மயிரிழையில் தப்பும், எட்டடி பெட் தாண்டிவிடும். ஷார்ட் பெட்டில் இறுக்கமாக ரிவர்ஸ் எடுக்கும்போது டிரெய்லரின் மூக்கு கேபின் கண்ணாடியை இடிக்கப் பார்க்கும். மூக்கு உள்வாங்கிய மாடலாக இருந்தால் தொந்தரவு குறைவு. இல்லாவிட்டால் பின்னால் நகரும் ஸ்லைடர் ஹிட்ச் போடுங்கள். ஆனால் அது நீங்கள் எழுதிய 150 பவுண்டில் வராது. அந்தக் கணக்கை மறுபடி போட்டுவிட்டு ஆர்டர் கொடுங்கள்.