அங்கிட்டும் இங்கிட்டும் ஒரே விசில்

சின்னவன், இரவு 8:12
பெரியப்பா, ஞாயித்துக்கிழமை தெரு பாஸ்கெட்பால் மேட்ச்சுக்கு நானும் கீழக்கரைக் கூட்டாளியும்தான் ரெஃப்ரி. எந்தப் பக்கமும் சாயாம ஊதணும். எதுல இருந்து ஆரம்பிக்க?

தொண்டி மாமா, 8:15
முதல்ல ஃபவுல் கணக்கைப் பாருங்கடா. போன தடவ ஒரு டீமுக்கு 9, இன்னொன்னுக்கு 3. அது எப்படி நியாயம்?

மண்டபம் பெரியப்பா, 8:21
மாப்ள, எண்ணிக்கையை வச்சு நியாயத்தை அளக்க முடியாது. கோர்ட்டு முழுக்க ப்ரெஸ் பண்ற, அதாவது எதிராளியை விடாம நெருக்குற டீம், மேல விழுந்து விழுந்துதான் ஆடும், ஃபவுல் ஏறத்தான் செய்யும். ஜோன் கட்டி, அதாவது ஆளைத் துரத்தாம இடத்தைக் காத்து நிக்கிற டீமுக்கு அவ்வளவு ஏறாது. 9-3ன்னு பாத்துட்டு அடுத்த மூணை எதிர்ப்பக்கம் ஊதிச் சரிக்கட்டுனா அதுதான் அநியாயம். தப்பா ஒன்னு ஊதிட்டோமா, அதோட விட்டுரணும். ஈடுகட்டுனா ரெண்டு தப்பு.

நாம கேக்க வேண்டியது இதுதான்: இந்த ரிங்குக்குக் கீழ ஊதுன அதே உரசலை அந்த ரிங்குக்குக் கீழயும் ஊதுனோமா? முதல் குவார்ட்டர்ல ஊதுனதை நாலாவதுலயும் ஊதுனோமா?

சின்னவன், 8:23
நான் ஒரு அளவு, கூட்டாளி ஒரு அளவுன்னு ஊதிட்டா?

மண்டபம் பெரியப்பா, 8:34
ரெஃப்ரிகிட்ட அதிகம் நடக்குற கோளாறே அதான். மேட்ச்சுக்கு 20 நிமிஷம் முன்னாடி ரெண்டு பேரும் உக்காந்து பேசிருங்க. முதல்ல ஹேண்ட் செக், அதாவது பால் வச்சிருக்குறவனைக் கையால தடுக்குறது. டிரிபிள் பண்றவன் (பாலைத் தட்டிக்கிட்டுப் போறவன்) இடுப்புல கை பட்டு உடனே எடுத்தா விட்ருங்க. கை அங்கேயே தங்குனாலோ, அவன் வேகம், தாளம், பேலன்ஸ் இதுல ஒன்னு கெட்டாலோ ஃபவுல். இதை முதல் மூணு நிமிஷத்துல ரெண்டு பக்கமும் ஊதிட்டா பசங்க தானா கையை எடுத்துருவாங்க. மூணாவது குவார்ட்டர்ல புதுசா ஆரம்பிச்சா யாரும் ஏத்துக்க மாட்டான்.

அடுத்தது கண்ணு. ரெண்டு பேரும் பாலையே பாக்கக் கூடாது. 1891-ல பாஸ்கெட்பாலைக் கண்டுபிடிச்ச நெய்ஸ்மித் எழுதுன 13 விதியிலயே அம்பயர் ஆளைப் பாக்கணும், ரெஃப்ரி பாலைப் பாக்கணும்னு பிரிச்சு வச்சிருக்காரு. இன்னைக்கு ரெண்டு ரெஃப்ரியையும் நிக்கிற இடத்தை வச்சு லீட், ட்ரெயில்னு சொல்றோம். லீட் எண்ட் லைன்ல நின்னு ரிங்குக்குக் கீழ தள்ளுமுள்ளு பாக்கணும். ட்ரெயில் பின்னாடி இருந்து ஷாட்டையும் டிரிபிளையும் பாக்கணும். ரெண்டு விசிலும் ஒன்னா விழுந்தா முஷ்டியை மட்டும் தூக்கிட்டு ஒருத்தர ஒருத்தர் பாருங்க. ஒருத்தன் பிளாக்கிங் (தடுத்தவன் தப்பு), ஒருத்தன் சார்ஜிங் (மோதுனவன் தப்பு)னு சைகை காட்டிட்டா அப்புறம் அள்ள முடியாது.

தொண்டி மாமா, 8:37
அத்தான், சார்ஜிங்னா டிஃபென்ஸ் ஆள் அசையாம நிக்கணுமில்ல?

பாம்பன் சித்தி, 8:41
இல்லண்ணே. ஸ்கூல்லயும் எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க, தப்பு. ஆளைப் பாத்து, ரெண்டு காலும் தரையில பட ஒரு தடவ நின்னுட்டாப் போதும். அதுக்கப்புறம் பக்கவாட்டுலயோ பின்னாடியோ நகரலாம், நேரா மேல குதிக்கலாம். நெஞ்சுல வந்து மோதுனா சார்ஜிங். ஆனா பாலை ரிங்குக்கு அடிக்கிறவன் தரையை விட்டுக் கிளம்புனப்புறம் குறுக்க வந்தா பிளாக்கிங். அதனால டிஃபென்ஸ் ஆள் காலைப் பாருடா தம்பி, விழுந்த சத்தத்தை வச்சு முடிவு பண்ணாத.

இன்னொன்னு, நம்ம சிமெண்ட் கோர்ட்டுல ரிங்குக்குக் கீழ சார்ஜிங் ஊதாத அரைவட்டமே கிடையாது. தூண்டில் நரம்புல ஈயக்குண்டு கட்டி ரிங்கோட நடுவுல இருந்து தொங்கவிடு. குண்டு தொடுற இடத்துல இருந்து 1.25 மீட்டருக்கு சாக்பீஸால முன்பக்கம் அரைவட்டம் போடு. ரெண்டு ரிங்குக்கும் போடணும். கோட்டை மிதிச்சுக்கிட்டோ உள்ளயோ நிக்கிறவன் மேல பாஞ்சு அடிக்க வர்றவன் மோதுனா சார்ஜிங் கிடையாது. கையால தள்ளுனாலோ கால் வச்சாலோ அது வேற.

சின்னவன், 8:44
சித்தி, ஸ்டெப்ஸ்ல தான், பாலைக் கையில வச்சுக்கிட்டு கூடுதலா கால் வைக்கிறதுல தான் பெரிய சண்டை வருது.

பாம்பன் சித்தி, 8:49
2017-ல உலக பாஸ்கெட்பால் அமைப்பு ஃபிபா அந்த விதியை மாத்திருச்சு, பழசையே பிடிச்சுட்டு ஊதுறவங்க இன்னும் இருக்காங்க. ஓடிக்கிட்டே பால் பிடிக்கும்போது தரையில இருக்குற கால் கணக்குல வராது. அடுத்து வைக்கிறது ஒன்னு, அப்புறம் ரெண்டு. மூணாவது கால் தரையில பட்டா ஸ்டெப்ஸ். ரெண்டு கோச்சையும் ஒன்னா நிக்க வச்சு இதைச் சொல்லிரு. தனித்தனியா சொன்னா ஆளுக்கொரு மாதிரி எடுத்துக்குவாங்க.

கச்சான் காத்துல மணல் ஏறிரும். பாலோட வழுக்கி விழுந்து சறுக்குனா ஸ்டெப்ஸ் இல்ல. பாலை வச்சுக்கிட்டே உருண்டாலோ எந்திரிச்சாலோதான். ஆட்டத்துக்கு முன்னாடியும் ஹாஃப் டைம்லயும் கோர்ட்டைக் கூட்டி ஈரச்சாக்கு இழுத்துரு, தரை காஞ்சப்புறம் ஆட விடு.

தொண்டி மாமா, 8:53
கடைசி ரெண்டு நிமிஷத்துல விசிலை முழுங்கிடுறாங்களே, அதையும் சொல்லுங்க அத்தான்.

மண்டபம் பெரியப்பா, 9:02
கரெக்ட் மாப்ள, எனக்கும் அதுலதான் ரொம்பக் கோவம். "பசங்களே முடிச்சுக்கட்டும்"னு விட்டா முந்திப் போற டீமுக்கு ஊதாமலே உதவி பண்ற மாதிரி. குவார்ட்டர்ல டீம் ஃபவுல் 4 தாண்டிருச்சா, அஞ்சாவதுல இருந்து பால் கையில இல்லாத டீமோட ஃபவுலுக்கு 2 ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காம ரிங்குக்கு அடிக்கிறது). பாலைத் தொடப் பாக்காம பின்னாடி இருந்து பனியனைப் பிடிச்சு இழுத்தா அன்ஸ்போர்ட்ஸ்மன்லைக், அதாவது ஆட்டப் பண்பில்லாத ஃபவுல், 2 ஃப்ரீ த்ரோவும் பாலும். பத்தாவது நிமிஷத்துல கொடுத்திருப்பேன்னா முப்பத்தொன்பதாவதுலயும் கொடு.

கோச் கத்துனா எச்சரிக்கை ஒரு தடவ, ரெண்டு பெஞ்சுக்கும் அதே அளவு. நம்ம சொந்தக்காரன் உக்காந்திருக்குற பெஞ்சுக்கும்தான்.

விசில் ரெண்டு வச்சுக்க. உள்ள சின்ன குண்டு உருள்ற விசில் வேணாம், எச்சில்லயும் மணல்லயும் குண்டு சிக்கிரும். கனடா ரெஃப்ரி ரான் ஃபாக்ஸ்கிராஃப்ட் அப்படிச் சிக்கித்தான் குண்டில்லாத ஃபாக்ஸ் 40 விசிலையே கொண்டுவந்தாரு.

சின்னவன், 9:05
சரி பெரியப்பா. நரம்புல 1.25-க்கு இப்பவே முடிச்சுப் போட்டுடுறேன். மாமா, உங்க வலைப்பையில ஈயக்குண்டு ஒன்னு இருக்குமா?

தொண்டி மாமா, 9:06
ரெண்டாவே தர்றேன். காலையில வந்து வாங்கிக்க.