தோட்டா கன் வெடிக்காவிட்டால் உடனே எடுத்துவிடலாமா? ஓரத்தில் அடிக்கச் சிவப்பு போடலாமா?

சீலிங்_தம்பி:
வணக்கம் அண்ணன்மாரே. கோயம்புத்தூர்ப் பக்கம் ஃபால்ஸ் சீலிங் வேலையில் இருக்கிறேன், சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. போன வாரம்தான் தோட்டா போட்டு ஆணி அடிக்கும் கன்னை என் கையில் கொடுத்தார்கள் (எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் எங்கள் சைட்டில் அதற்குப் பேர் ஹில்டி கன்தான்). இரண்டு ஆணி அடித்துக் காட்டினார்கள், பயிற்சி அவ்வளவுதான். நேற்று ஸ்லாபில் வைத்து அழுத்தி டிரிகரை இழுத்தால் 'டிக்' என்று சத்தம் மட்டும் வந்தது, வெடிக்கவில்லை. நான் கன்னை இறக்கி, என்ன ஆச்சு என்று முனையை என் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டேன். மேஸ்திரி ஓடிவந்து கையைத் தட்டிவிட்டார், அறை விடாத குறைதான். ஆனால் அவரே அடுத்த நொடி ஸ்ட்ரிப்பை (தோட்டாக்கள் வரிசையாக இருக்கும் பட்டை) வெளியே உருவிவிட்டு வேறு போட்டு அடித்தார். ஒன்றும் ஆகவில்லை, ஆனால் எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

சரியான முறை என்ன? இன்னொன்று, பீம் ஓரத்தில் அடித்தால் கான்கிரீட் பெயர்ந்து ஆணி தெறிக்கிறது. மஞ்சளை விட்டு, பலம் கூடிய சிவப்புத் தோட்டா போடு என்கிறார்கள். போடலாமா?

சாரத்துமேல்_20வருஷம்:
தம்பி, மேஸ்திரி உன் கையைத் தட்டியது சரி, ஸ்ட்ரிப்பை உடனே உருவியது தப்பு. வெடிக்கவில்லை என்றால் கன்னை அந்த இடத்தைவிட்டு எடுக்கவே கூடாது. அடித்த இடத்திலேயே அதே அழுத்தத்தோடு 30 விநாடி பிடித்திருக்க வேண்டும், ஏனென்றால் உள்ளே மருந்து சில சமயம் தாமதமாகப் பற்றும், அந்த நேரம் முனை எங்கே பார்க்கிறதோ அங்கேதான் ஆணி போகும். கை வலிக்கும், பரவாயில்லை, மெதுவாக எண்ணு. முப்பது ஆனதும் மறுபடி டிரிகர். அதிலும் வெடிக்கவில்லையா, இன்னொரு 30 விநாடி. அப்புறம்தான் அந்த மாடலின் புத்தகத்தில் சொன்னபடி தோட்டாவை எடுக்க வேண்டும். அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதியிலும் இதே இரண்டு முப்பதுதான். ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதே. விளிம்பில் தட்டினால் வெடிக்கிற தோட்டா அது. வெடிக்காததைத் தண்ணீர் வாளியில் போட்டுவை, குப்பையோடு போடாதே, சைட்டில் தங்கியிருக்கிறவர்களின் பிள்ளைகள் பளபளப்பாக எது கிடந்தாலும் எடுப்பார்கள்.

எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். பல வருடம் முன்னால் ஒரு சைட்டில் நாலரை இஞ்ச் செங்கல் சுவரில் கிளாம்ப் அடித்தேன். வெளிப்பூச்சு கெட்டியாக இருந்தது, கான்கிரீட் என்றே நினைத்துவிட்டேன். ஆணி இந்தப் பக்கம் தெரியவே இல்லை. அடுத்த அறைக்குப் போய்ப் பார்த்தால் எதிரே இருந்த கதவு நிலையில், கழுத்து உயரத்தில் குத்தி நின்றது. பெயிண்டர் ஒருவர் அந்த நிலைக்கு முன்னால் குனிந்து டப்பாவைக் கலக்கிக்கொண்டிருந்தார். அவர் நிமிர்ந்திருந்தால் என்ற நினைப்பு இன்னும் எனக்குப் போகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் யார் என்று பார்க்காமல் அதற்குப் பிறகு நான் ஒரு ஆணி அடித்தது கிடையாது.

பாதுகாப்பு_அக்கா:
ஓரத்து விஷயத்துக்கு வருகிறேன். சிவப்பு போடக்கூடாது தம்பி, இன்னும் மோசமாகப் பெயரும். அங்கே குறை தோட்டாவில் இல்லை, இடத்தில் இருக்கிறது. கான்கிரீட்டில் ஓரத்திலிருந்து குறைந்தது 75 மில்லிமீட்டர், அதாவது மூன்று இஞ்ச் உள்ளே தள்ளி அடிக்க வேண்டும். நான்கு விரலைச் சேர்த்து வைத்தால் ஏறக்குறைய அந்த அளவு வரும். ஆணிக்கு ஆணியும் அதே இடைவெளி. ஒருமுறை பெயர்ந்த இடத்திலேயே மறுபடி அடிக்காதே, தள்ளிப் போ.

அமெரிக்க முறையில் தோட்டா நிறத்தின் வரிசை சாம்பல், பழுப்பு, பச்சை, மஞ்சள், சிவப்பு, ஊதா. போகப்போகப் பலம் கூடும். உன் கன்னுக்கு எது பொருந்துமோ அதில் பலம் குறைந்ததில் தொடங்கி, ஆணி முழுதாக இறங்காவிட்டால்தான் அடுத்த நிறம். தோட்டாவின் கூடுகளிலும் பித்தளை, நிக்கல் என்று இரண்டு உண்டு, அதே நிறம் நிக்கல் கூட்டில் வந்தால் பலம் வேறு. நிறம் பிரித்தறிய முடியாதவர் கையில் இந்தக் கன்னைக் கொடுக்கவே கூடாது.

எந்தச் சுவராக இருந்தாலும் முதலில் ஒரு ஆணியைக் கையால் பிடித்துச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டிப் பார். சின்னதாக, சுத்தமாகக் குழி விழுந்தால் அடிக்கலாம். ஆணி முனை மழுங்கினால் பொருள் மிகவும் கடினம், விரிசல் விட்டாலோ நொறுங்கினாலோ அடிக்க லாயக்கில்லை, தட்டிய தட்டுக்கே ஆணி உள்ளே போனால் கன்னில் அடிக்கும்போது மறுபக்கம் போய்விடும். மேலே அண்ணன் அந்தச் செங்கல் சுவரில் ஒரு தட்டு தட்டியிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். வார்ப்பிரும்பு, டைல்ஸ், கண்ணாடி, ஹாலோ பிளாக் எதிலும் வேண்டாம். தின்னர், பெயிண்ட் ஆவி நிற்கிற அறையிலும் வேண்டாம்.

சிங்கை_சைட்:
நான் சிங்கப்பூரில் இருக்கிறேன், இங்கே இந்த வகைக் கருவிக்கென்றே 2009இல் தனி விதிமுறை வந்தது. உங்கள் சைட்டில் பி.டி. ஸ்லாப் என்றால், உள்ளே இழுத்துக் கட்டிய கேபிள் எங்கே ஓடுகிறது என்று இன்ஜினியரிடம் கேட்காமல் ஒரு ஆணிகூட அடிக்காதீர்கள். தினமும் காலையில் தோட்டாவும் ஆணியும் போடாமல் தரையில் வைத்து அழுத்திப் பாருங்கள், முனை தடையில்லாமல் உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும். அழுத்தினால்தான் வெடிக்கும் என்பதுதான் இந்தக் கன்னின் உயிர்நாடி. கரி ஏறி முனை உள்ளேயே சிக்கிக்கொண்டால் அந்தப் பாதுகாப்பு போச்சு. அடிக்கப் போகும்போதுதான் தோட்டா போடணும், போட்ட கன்னைச் சாரத்தில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகக்கூடாது. கண்ணாடி, காது அடைப்பான் இரண்டும் கட்டாயம். மூடிய அறைக்குள் அந்தச் சத்தம் காதைக் கெடுத்துவிடும், எனக்கு வலது காது கொஞ்சம் மந்தம்தான்.

சீலிங்_தம்பி:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இன்று காலை அக்கா சொன்ன மாதிரி தட்டிப் பார்த்தேன். பீமில் மிளகு அளவுக்குக் குழி, சுத்தமாக விழுந்தது. படிக்கட்டுப் பக்கச் சுவரில் இரண்டாவது தட்டிலேயே ஆணி பாதி இறங்கிவிட்டது, நேற்று அங்கேயும் நான்கு ஆணி அடித்திருக்கிறேன். மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார், அப்புறம் அந்தச் சுவர் முழுக்க டிரில் போட்டுப் பிளக் வைக்கச் சொல்லிவிட்டார். முப்பது விநாடி கதையையும் சொன்னேன், தண்ணீர் வாளி வந்துவிட்டது. கன் பெட்டியில் புத்தகம் இல்லை, மாடல் எண்ணை எழுதி வைத்திருக்கிறேன், நாளை ஆபீசில் கேட்டு வாங்கும்வரை கன்னைத் தொடப்போவதில்லை.