வீட்டில் யோகா செய்தால் கடைசியில் சவாசனம் அவசியம்தானா?

டோம்பிவிலி வாசகி:
எல்லோருக்கும் வணக்கம். மும்பைப் பக்கம் டோம்பிவிலி கிழக்கில் ஒரு ரூம், ஹால், கிச்சன் வீடு. போன மழைக்காலத்திலிருந்து காலையில் ஹாலில் பாயை விரித்து யோகா செய்கிறேன், முன்பு வகுப்பில் கற்றுக்கொண்டதுதான்: சூரிய நமஸ்காரம், திரிகோணாசனம், புஜங்காசனம், பஸ்சிமோத்தானாசனம், கடைசியாக சர்வாங்காசனம். எனக்குக் கிடைப்பது அரை மணி நேரம். அதற்குள் குழாயில் தண்ணீர் வந்துவிடும், பிடித்து வைக்க வேண்டும், குக்கர் வைக்க வேண்டும், அவருக்கு டப்பா கட்ட வேண்டும், பிறகு நானும் தாதர் போகும் ஃபாஸ்ட் லோக்கல் ரயிலைப் பிடிக்க வேண்டும். அதனால் கடைசியில் அசையாமல் மல்லாந்து படுக்கிற சவாசனத்தை விட்டுவிடுகிறேன். சும்மா படுத்திருக்கும் நேரத்தில் இன்னும் இரண்டு நமஸ்காரம் செய்யலாமே என்றுதான் தோன்றுகிறது, என்றைக்காவது படுத்தாலும் மனசு அடுப்படியிலேயே சுற்றுகிறது. ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. யோகா முடித்ததும் லேசாக இருக்கிற உடம்பு, ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் கழுத்தும் தோளும் இறுகி பழையபடி ஆகிவிடுகிறது. சவாசனம் செய்தால் இதில் மாற்றம் வருமா, இல்லை அது வகுப்பை முடித்து வைக்கிற ஒரு சம்பிரதாயம் மட்டும்தானா?

மாட்டுங்கா பெரியவர்:
சம்பிரதாயம் இல்லையம்மா. நம்ம பரேல் கேஇஎம் மருத்துவமனையிலேயே இதை ஒரு சிகிச்சை மாதிரி சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். டாக்டர் கே.கே. தாத்தே என்ற இதய மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் ரத்தக் கொதிப்பு உள்ள 47 பேருக்கு சவாசனத்தைக் கற்றுக்கொடுத்து தினமும் அரை மணி நேரம் செய்யச் சொல்லி, முடிவை 1969-ல் வெளியிட்டார்கள். பலருக்கு பி.பி. இறங்கியது, மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் பலருக்கு அளவைக் குறைக்கவும் முடிந்தது. இன்றைய கணக்கில் அது சின்ன ஆய்வுதான், அதைப் படித்துவிட்டு யாரும் தானாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. நான் சொல்ல வருவது வேறு. அவர்கள் எடுத்துக்கொண்டது சூரிய நமஸ்காரத்தையோ சர்வாங்காசனத்தையோ அல்ல, நீங்கள் 'சும்மா படுத்திருப்பது' என்று சொல்கிற இதைத்தான். 15-ஆம் நூற்றாண்டு யோக நூலான ஹடயோகப் பிரதீபிகையும் இதை ஆசனங்களில் ஒன்றாகவே வைத்து, களைப்பைப் போக்கும், மனதுக்கு ஓய்வு தரும் என்று சொல்கிறது.

செம்பூர் யோகா டீச்சர்:
பெரியவர் சொன்னது சரி. நான் வீட்டுப் பயிற்சி பற்றி மட்டும் பேசுகிறேன், ஏனென்றால் வகுப்பில் டீச்சர் படுக்கச் சொல்வதால் எல்லோரும் படுப்பார்கள், வீட்டில் முதலில் காணாமல் போவது இதுதான்.

ஆசனம் செய்யும்போது இதயத் துடிப்பு ஏறுகிறது, தசைகள் வேலை செய்கின்றன. நின்றதும் உடம்பு தானே அடங்கத் தொடங்கும், ஆனால் அந்த நேரத்தில் நீங்கள் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினால் அடங்குவதற்கு வழியே இல்லை. கழுத்து, தோள் பிரச்சினையும் இதோடு சேர்ந்ததுதான் என்று நினைக்கிறேன். தோளை நீட்டி வளைப்பது ஒன்று, தோளைத் தூக்கிப் பிடித்திருக்கிறோம் என்று தெரிந்து அதை விடுவது வேறொன்று. இரண்டாவதைப் பழகுகிற இடம் சவாசனம். அசையாமல் படுத்திருக்கும்போதுதான் பல்லைக் கடித்திருப்பது, நாக்கை மேலண்ணத்தில் அழுத்தியிருப்பது, புருவம் சுருங்கியிருப்பது எல்லாம் தெரியவரும். ஒருமுறை தெரிந்துவிட்டால் லோக்கலில் நின்றுகொண்டே கூடத் தோளைக் கீழே விட முடியும். இதைச் சொன்னால் நம்பாதவர்கள் செய்து பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

நேரத்துக்கு என் யோசனை: அரை மணியில் ஏழு நிமிஷத்தை முதலிலேயே சவாசனத்துக்கு எடுத்து வைத்துவிடுங்கள், மிச்சத்தில் எத்தனை ஆசனம் முடியுமோ அத்தனை போதும். நமஸ்காரம் இரண்டு குறைந்தால் ஒரு நஷ்டமும் இல்லை. தண்ணீர் வருவதற்கு முன் முடிகிற மாதிரி ஆரம்பியுங்கள், குழாய்ச் சத்தத்துக்குக் காதை வைத்துக்கொண்டு படுத்தால் பயனில்லை. செல்போனில் மெல்லிய அலாரம் வைத்துவிட்டால் கடிகாரத்தை எட்டிப் பார்க்க வேண்டியிருக்காது. வியர்வை காயும்போது உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும், அதனால் ஃபேனைக் குறைத்துவிட்டு ஒரு போர்வையைப் போட்டுக்கொள்ளுங்கள், மழைக்காலத்தில் தரை ஈரமாக இருந்தால் பாய்க்கு அடியில் ஜமுக்காளம் விரியுங்கள். முதுகு வலிக்கிறவர்கள் முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கலாம்.

மனசு அடுப்படிக்குப் போவதை நிறுத்த முடியாது, நிறுத்தவும் வேண்டாம். மூச்சை வெளியே விடுவதை மட்டும் கொஞ்சம் நீளமாக்கி, கால் விரலிலிருந்து மேலே ஒவ்வொரு இடமாகத் தளர்த்திக்கொண்டு வாருங்கள். தளர்வது பிடிபடவில்லை என்றால் அந்த இடத்தை முதலில் இறுக்கிப் பிடித்துவிட்டுப் பிறகு விடுங்கள். அமெரிக்காவில் எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற மருத்துவர் 1920-களில் தசைத் தளர்வைப் பழக்கியதும் இந்த மாதிரிதான்.

அந்தேரி நண்பர்:
மன்னிக்கவும், எல்லோருக்கும் இது பொருந்தும் என்பதை நான் ஏற்கவில்லை. எனக்குப் பதற்றம் வரும் வழக்கம் உண்டு. கண்ணை மூடி மல்லாந்து படுத்தால் இதயத் துடிப்பு காதில் கேட்கும், அது அடங்கவே அடங்காது, எழுந்து உட்கார்ந்தால்தான் சரியாகும். இது தெரியாமல் ஒரு வகுப்பில் 'அசையாதே' என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள், நான் போவதையே விட்டுவிட்டேன். இப்போது வீட்டில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, இரண்டு கால்களையும் நாற்காலி மேல் போட்டுக் கொஞ்ச நேரம் படுக்கிறேன், அது ஒத்துக்கொள்கிறது. அப்புறம், காலை அவசரத்தில்தான் செய்ய வேண்டும் என்று என்ன இருக்கிறது? ராத்திரி வீடு திரும்பிய பிறகு செய்யலாமே.

செம்பூர் யோகா டீச்சர்:
நண்பரே, நீங்கள் செய்வதும் சவாசனம்தான், தாராளமாகச் செய்யுங்கள். கண்ணை மூடித்தான் ஆக வேண்டும் என்று வற்புறுத்துவது தவறு. ராத்திரி செய்வதும் நல்லது, ஆனால் அதைக் காலையில் செய்வதற்குப் பதிலாக வைத்துக்கொள்ளாதீர்கள். ஆசனம் செய்து சூடான உடம்பு தளர்கிற மாதிரி, நாள் முழுக்க உட்கார்ந்து களைத்த உடம்பு தளராது, சட்டென்று தூக்கத்துக்குள் போய்விடும்.

முலுண்ட் மருமகள்:
இரண்டு விஷயம் சேர்க்கிறேன். கர்ப்பமாக இருப்பவர்கள் கர்ப்ப காலத்தில் பாதியைத் தாண்டிய பிறகு மல்லாந்து ரொம்ப நேரம் படுக்கக் கூடாது, கர்ப்பப்பை பெரிய ரத்தக் குழாயை அழுத்தும், இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்துச் செய்ய வேண்டும். இன்னொன்று, முடிந்ததும் துள்ளி எழாதீர்கள். ஒரு பக்கமாகத் திரும்பி, கையை ஊன்றி உட்கார்ந்து, கொஞ்சம் பொறுத்து எழுந்திருங்கள். என் மாமியாருக்கு பி.பி. குறைவு, சட்டென்று எழுந்தால் தலை சுற்றும்.

டோம்பிவிலி வாசகி:
எல்லோருக்கும் நன்றி. ஒரே ஒரு சந்தேகம், படுத்ததும் தூங்கிவிட்டால்?

மாட்டுங்கா பெரியவர்:
தினமும் தூங்கிப்போனால் ராத்திரித் தூக்கம் போதவில்லை என்று அர்த்தம், முதலில் அதைச் சரி செய்யுங்கள். எப்போதாவது கண் அயர்ந்தால் தவறில்லை. முழங்கையை மடக்கி ஒரு முன்கையை மட்டும் செங்குத்தாக நிறுத்திப் படுத்துப் பாருங்கள், தூக்கம் வரும்போது அது சரியும், நீங்களும் விழித்துவிடுவீர்கள்.