ஸ்னோமொபைல் ஸ்லைடு மாட்டிக்கொண்டது, யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம். நான் ஒன்ராறியோவில், சட்பரிப் பக்கம் இருக்கிறேன். போன வருடம் பழைய ஸ்னோமொபைல் (பனிமேல் ஓட்டும் வண்டி) ஒன்று வாங்கினேன். சைக்கிள் செயின் மாட்டத் தெரியும், அந்த அளவு மெக்கானிக்தான் நான்.

இரண்டு வாரம் முன்பு ஏரியில் வெறும் ஐஸ் மேல் நன்றாக விரட்டினேன். பிளாஸ்டிக் கருகுகிற வாடை வந்தது. வீட்டுக்கு வந்து சாய்த்துப் பார்த்தால், அலுமினியத் தண்டுகளின் அடியில் ஓடுகிற ஸ்லைடு, அதாவது பிளாஸ்டிக் பட்டை, இரண்டும் உருகியிருக்கின்றன. முன்வளைவில் நகத்தின் கனம்தான் மிச்சம். அதைக் குளிரவைப்பதும் வழுக்கவைப்பதும் பனித்தூள்தானே, அது இல்லாமல் ஓட்டியது என் தப்பு.

புதுப் பட்டை வாங்கியாயிற்று. பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, ட்ராக்கை (அடியில் சுற்றும் ரப்பர் பெல்ட்டை) தளர்த்தி, முன்முனை போல்ட்டையும் கழற்றிவிட்டேன். மரக்கட்டை வைத்துத் தட்டியதில் இடதுபக்கப் பட்டை நாலு விரற்கடை நகர்ந்தது, அப்புறம் அசையவே இல்லை. வலதுபக்கம் அதுவும் இல்லை.

சஸ்பென்ஷனை முழுதாக இறக்காமல், ட்ராக்கில் இருக்கிற ஜன்னல் போன்ற திறப்பு வழியாகவே உருவி எடுக்க முடியுமா? உருகி ஒட்டிய இடத்தை ஹீட் கன்னால் சூடாக்கலாமா? புதியதை ஏற்ற சோப்புத் தண்ணீர் போதுமா? ஐஸ் ஸ்க்ராட்சர் (ஐஸைக் கீறிப் பனித்தூள் கிளப்பும் கம்பி) பூட்டியவர்கள் இருந்தால், கெட்டி ஐஸில் அது உண்மையில் பனியைக் கிளப்பித் தருகிறதா என்றும் சொல்லுங்கள்.

சனிக்கிழமை கராஜில் திரும்பவும் இறங்கப்போகிறேன், அதற்குள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.